கூரை வளைந்த சொல்

சொரேசினாவில் ஜனவரி.
மூடுபனிக்குள் மாட்டுக்கொட்டில் எந்தப் பக்கம் என்று
மூக்குதான் சொல்லும்.
சாணத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்
என்று நினைத்தபடி படியேறினாள் ஓம்வதி,
ஹரியானாவிலிருந்து வந்து மூன்றாம் நாள்.

வீட்டுக்காரி எர்சீலியா கதவைத் தள்ளி
"காமெரா" என்றாள்.
படம் எடுக்கப்போகிறார்களாக்கும் என்று
முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள் இவள்.
உள்ளே ஒரு கட்டில். ஒரு ஜன்னல்.
ஈரம் ஏறிய நாலு சுவர்.
"கம்ரா?"
"ஆமாம், காமெரா!"

கிழவிக்குத் தலைகால் புரியவில்லை.
பாஷை தெரிந்தவள் வந்துவிட்டாள் என்று
வாடகை, வெந்நீர், செத்துப்போன புருஷனின் முழங்கால் வலி
எல்லாவற்றையும் கொட்டினாள்.
ஓம்வதிக்கு ஒன்றும் பிடிபடவில்லை,
கடைசியில் கையில் வைத்து அழுத்திய
கியாவே தவிர.
அவள் ஊரில் அது சாபி.

இங்கே புறப்பட்ட சொற்கள்தாம்.
லத்தீனில் வளர்ந்து
போர்த்துகீசியர் வாயில் கப்பலேறிப் போனவை.
மிளகு ஏற்ற வந்தவர்கள் இறக்கிவிட்டுப் போனார்கள்
அறையை, சாவியை, அலமாரியை.
பூட்டத் தெரிந்தவர்களின் சொற்கள்.
என் தமிழுக்கும் பங்கு வந்தது:
சாவி, ஜன்னல், அலமாரி.
அறை மட்டும் எங்களிடம் முன்பே இருந்தது,
கன்னத்தில் விழுவதும் அதே பெயரில்.

ஐந்நூறு வருஷம் கழித்து
நடு இருக்கையில் கால் மடக்கி
விமானத்தில் ஊர் திரும்பியிருக்கிறது கம்ரா,
நடுவிலிருந்த ஓர் உயிரெழுத்தை
எங்கேயோ தொலைத்துவிட்டு.

பிள்ளைகள்?
நாலு விரல். மூன்றை மடக்கி, தாலிபோல் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.
மிச்சம் ஒரு விரல்.
பெயர்?
"காஃபி."
எர்சீலியா எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

இரண்டு கோப்பை குடித்த பிறகும்
பெயர் விளங்கவில்லை அவளுக்கு.
'போதும்' என்று அர்த்தம்.
நாலாவதும் பெண்ணாய்ப் பிறந்ததால்
கடவுளுக்குச் சொன்ன பதில்.
போதும்பொண்ணுகள் எங்கள் பக்கமும் உண்டு;
நான் ஏன் விளக்க வேண்டும்.

காஃபிக்குப் பன்னிரண்டு வயது.
சித்தப்பா வீட்டில் இருக்கிறாள்.
அவள் வர வேண்டுமென்றால்
காகிதத்தில் இன்னோர் அறை வேண்டும்.

கீழே இருந்தது ஒன்று.
செங்கல் வளைவுக் கூரை,
வெங்காயம், சக்கரமில்லாத இரண்டு சைக்கிள்.
ராம்மெஹர் பால் கறந்து முடித்த ராத்திரிகளில்
இருவரும் சுண்ணாம்பு அடித்தார்கள்.
கண்ணில் தெறித்தது. சிரித்தார்கள்.

நகராட்சியிலிருந்து வந்தவன்
சிவப்புப் புள்ளியைச் சுவரில் ஏற்றினான்.
"நடுவில் உயரம் சரி.
ஓரத்தில் கூரை இறங்குகிறது.
சட்டப்படி இது காமெரா ஆகாது."

அறை.

அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.
சுவர் நாலு என்றெல்லாம் அர்த்தம் வருமுன்
கிரேக்கத்திலிருந்து கைமாற்றாய் வாங்கியபோது
அந்தச் சொல்லுக்கு இருந்ததே ஒரே ஒரு பொருள்:
வளைந்த கூரை.
இந்த வீட்டில் அந்தப் பெயருக்கு
மூத்த உரிமை வெங்காயக் கிடங்குக்குத்தான்.

எர்சீலியா வாதாடினாள், கைகளால்.
அவன் ஏதோ எழுதிக்கொண்டான்.
கடிதம் வரும் என்றான்.
எப்போது என்று சொல்லவில்லை.

ராத்திரி தொலைபேசித் திரையில்
எண்ணெய் வழியும் இரட்டைப் பின்னல்.
"கம்ராவைக் காட்டு."
ஓம்வதி கேமராவைத் திருப்பினாள்.
வெள்ளை வளைவு திரை முழுக்க நிறைந்தது.
"இது மேலேயா, கீழேயா அம்மா?
தொட்டில் மாதிரி இருக்கிறது."

சுவரோரம் போய் நின்று பார்த்தான் ராம்மெஹர்.
அவன் தலை இடித்தது.
"இவள் உயரத்துக்கு?"

"காஃபி" என்றாள் ஓம்வதி.

திரையில் ஒருத்தி "ம்?" என்று நிமிர்ந்தாள்.
மாடியில்
அடுப்பு பற்றிக்கொள்ளும் சத்தம்.